மொட்டைப்பாறை ரெண்டுல நான் செத்த கதை

ஆமா தம்பி, நானேதான். நீங்க சங்கரன்கோவில்ல பஸ் ஏறுனதுலருந்து திரும்பித் திரும்பிப் பாக்கும்போதே நெனச்சேன். 'மொட்டைப்பாறை' படத்துல வர்ற சித்தப்பா. பேரு கோமதிநாயகம். இப்ப அந்தப் பேரச் சொல்லி யாரும் கூப்பிடுறதில்ல, அது வேற விசயம். உக்காருங்க, பைய என் காலுகிட்ட வச்சுக்கோங்க. மதுரைக்கா? நானும் மதுரைதான். அங்கருந்து ரயிலேறி மெட்ராசு. மூணாம் பாகத்துக்குப் பேச வரச்சொல்லியிருக்காக.

ரெண்டாம் பாகம் எதப் பாத்தீக? மொதல்ல வந்ததா, டைரக்டரு திருத்தி விட்டதா? திருத்துனதா. நல்லாருந்துச்சுல்லா? அதான. எல்லாரும் அதத்தான் சொல்றாக. அதுக்கும் இதுக்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். எங்க அண்ணன் ஒருத்தர்தான் ஒத்துக்க மாட்டேங்காரு. அவருக்கு சினிமா தெரியாது, விவசாயி. நானும் விவசாயிதான், ஆனா நான் உள்ள போய்ட்டு வந்தவன்.

மொதப் பாகம் எங்க ஊருக்குப் பக்கத்துலதான் எடுத்தாக. காளைமாடு வேணும்னாக, நம்ம மாட்டப் பத்திட்டுப் போனேன். டைரக்டர் ஆதிரன் மாட்ட ஒரு தடவ பாத்தாரு, என்னைய ரெண்டு தடவ பாத்தாரு. "அண்ணே, அந்தக் கல்லுல உக்காந்து வெத்தல போடுங்க"ன்னாரு. போட்டேன். "வில்லன் காரு வந்து நிக்கும், கண்ணாடியில துப்புங்க"ன்னாரு. துப்புனேன். அம்புட்டுத்தான் தம்பி நான் செஞ்சது. தேட்டர்ல விசிலு கூரையப் பிச்சிட்டுப் போச்சு. துப்புறது எல்லாரும்தான் துப்புறான், ஆனா அதுலயும் ஒரு இது வேணும்லா?

அதுக்கப்புறம் செல்போன் கடை தெறப்பு விழாவுக்குக் கூப்பிட்டாக. பிரியாணிக் கடைக்குக் கூப்பிட்டாக. பல் ஆஸ்பத்திரி ஒண்ணு தெறந்தாக, அதுக்கும் நான்தான் ரிப்பன் வெட்டுனேன். டாக்டரு என் வாயப் பாத்துட்டு, "கொஞ்சம் மூடிக்கிட்டே சிரிங்க அண்ணாச்சி"ன்னாரு.

ரெண்டாம் பாகத்துக்கு டைரக்டரே வீடு தேடி வந்தாரு. "அண்ணே, இதுல நீங்க ஹீரோவுக்குச் சித்தப்பா. படம் முழுக்க வர்றீங்க. இடைவேளையில சாகுறீங்க"ன்னாரு. படம் முழுக்க வர்றேன், இடைவேளையில சாகுறேன், அது எப்படின்னு என் வீட்டுக்காரி முப்பிடாதி கேட்டா. அவளுக்கு எங்க புரியும்? செத்ததுக்கு அப்புறமும் ஜனங்க மனசுல வருவேன்லா.

கதையைப் பத்திச் சொல்லணும்னா, நான் குத்தஞ்சொல்ல மாட்டேன், அவரு சோறு போட்டவரு. மொதப் பாகத்துல பாறைக்கு மேல சண்ட. ரெண்டாம் பாகத்துல பாறைக்கு அடியில சுரங்கம். சுரங்கத்துக்குள்ள ஆராய்ச்சிக்கூடம். ஆராய்ச்சிக்கூடத்துக்குள்ள ஒரு வெள்ளைக்காரன். "வெள்ளைக்காரன் எதுக்கு தம்பி?"ன்னு கேட்டேன். "மூணாம் பாகத்துல சொல்றேன்ணே"ன்னாரு. கதாநாயகி எதுக்கு ஜார்ஜியாவுல பனியில நின்னு ஆடுதுன்னும் கேட்டேன். அந்தப் பிள்ள நடுங்கிக்கிட்டே ஆடுனதப் பாக்கப் பாவமா இருந்துச்சு. அதுக்கும் மூணாம் பாகம்தான் பதில்.

நான் சாகுற சீன் வந்துச்சு. வில்லன் ஆளுக குத்திப்போட்டுட்டுப் போயிருவாக, நான் ஹீரோவா நடிக்கிற தம்பி மடியில கெடக்கேன். "அந்த வெள்ளைக்காரன விட்றாத மகனே"ன்னு வசனம். நாலு தடவ சொன்னேன், டைரக்டருக்குப் பிடிக்கல. ஹீரோ தம்பிக்கு ஏரோப்பிளேனுக்கு நேரமாச்சு. டைரக்டரு என் காதுகிட்ட வந்து, "அண்ணே, பேப்பர விடுங்க. உங்க மனசுலருந்து ஏதாச்சும் பேசுங்க. நான் கட் சொல்ற வரைக்கும் செத்துக்கிட்டே இருங்க"ன்னுட்டுப் போயிட்டாரு.

மனசுலருந்து பேசுன்னா நான் எதப் பேச? எனக்கு எங்க அய்யா ஞாவகம்தான் வந்துச்சு.

எங்க அய்யா பெரியாஸ்பத்திரியில ஒரு நாள் பூரா இழுத்துக்கிட்டுக் கெடந்தாரு. அன்னைக்குக் காலையில கெணத்து மோட்டாரப் போட்டுட்டு வரப்புல நடந்தவரு அப்படியே விழுந்துட்டாரு. தூக்கிட்டு ஓடுனோம். கண்ணு தெறக்கும்போதெல்லாம் ஒரே கேள்விதான். "மோட்டார அமத்தியாச்சாலே?" எங்கம்மாவக் கேக்கல, சொத்து சொகத்தக் கேக்கல, மோட்டார நிறுத்தியாச்சான்னுதான் கேட்டாரு. அண்ணன் குனிஞ்சு, "அமத்தியாச்சுய்யா"ம்பாரு. சரின்னு கண்ண மூடுவாரு. கொஞ்ச நேரத்துல மறந்துரும், திருப்பிக் கேப்பாரு. அண்ணன் ஒரு தடவகூடச் சலிச்சுக்கல தம்பி. கடைசித் தடவ கேட்டாரு, அண்ணன் "அமத்தியாச்சுய்யா"ன்னு சொல்லி முடிக்கும்போது ஆளு இல்ல. அவரு காதுல விழுந்துச்சா இல்லையாங்கிறது இன்னைக்கு வரைக்கும் அண்ணனுக்கு ஒரு கொற.

அதத்தான் செஞ்சேன். ஹீரோ தம்பி மடியில கெடந்து, அய்யா கேட்ட மாதிரியே, "மோட்டார அமத்தியாச்சாலே?"ன்னு கேட்டேன். ஹீரோ தம்பி முழிக்காரு. அவரு என்ன சொல்வாரு, பாவம்? மறுபடியும் கேட்டேன். டைரக்டரு கட் சொல்லல. நான் என்ன செய்ய? செத்துக்கிட்டே இருந்தேன். கடைசியில பாத்தா மேக்கப் போடுற அக்கா அழுகுது. டைரக்டரு ஓடிவந்து கட்டிப்பிடிச்சு, "அப்படியே வைக்கிறேன்ணே, ஒரு பிரேம்கூட வெட்ட மாட்டேன்"ன்னாரு. வெட்டல. அப்படியே வச்சாரு, முழுசா ஒம்பது நிமிசம்.

படம் வந்துச்சு. தொப்பி போட்ட ஒரு பய யூடியூப்புல பேசுனான் பாருங்க, "சித்தப்பா சாகுறதுக்குள்ள நான் கேன்டீன் போயி, பப்ஸ் தின்னுட்டு, கைகழுவிட்டு வந்துட்டேன், மனுசன் இன்னும் மோட்டார அமத்தல"ன்னு. அவனுக்கு என்ன வயசு இருக்கும்? நான் அதையெல்லாம் பெருசா எடுத்துக்கல. வெள்ளைக்காரனையும் ஜார்ஜியாவையும் சகிச்சுக்கிட்டவன் என் ஒம்பது நிமிசத்தப் பொறுக்க மாட்டேங்கான், என்ன ரசனையோ.

ஆனா ஒண்ணு நடந்துச்சு தம்பி. இதுக்கு அண்ணனுக்கும் எனக்கும் உள்ள சங்கதியச் சொல்லணும். எங்களுக்கு ஒரே கெணறு, ஒரே மோட்டாரு. அய்யா போனப்புறம் மொறத்தண்ணி, ஒரு நாளு அவரு, ஒரு நாளு நான். ஒருநாள் என் மொறையில பாதியில கரண்டு போயிருச்சு. மறுநாள் கரண்டு வந்துச்சு. பாக்கிப் பாதி என் கணக்கா, அவரு கணக்கா? நான் எனக்குன்னேன், கரண்டு போனதுக்கு நான் பொறுப்பாக முடியாதுன்னாரு அவரு. வார்த்த தடிச்சுப்போச்சு. ஆறு வருசம் பேச்சுவார்த்த இல்ல. ஒரே வரப்புல எதிரெதிர வருவோம், ஆளுக்கொரு பக்கம் வானத்தப் பாத்துக்கிட்டுப் போவோம்.

அந்த அண்ணன், படம் வந்த அன்னைக்கு யாருக்கும் தெரியாம தேட்டருக்குப் போயிருக்காரு. கூட்டமே இல்ல, கீழ்ப்பக்கம் ஒரு மூலையில உக்காந்திருக்காரு. நான் திரையில கெடந்து, "மோட்டார அமத்தியாச்சாலே"ன்னு கேக்கேன். இவரு எந்திரிச்சு நின்னு, சத்தமா, "அமத்தியாச்சுய்யா"ன்னு சொல்லியிருக்காரு. ஒவ்வொரு தடவ கேக்கும்போதும் சொல்லியிருக்காரு. டிக்கெட் கிழிக்கிற பையன் எங்கிட்டச் சொன்னான், "உங்க அண்ணனுக்குக் கிறுக்குப் பிடிச்சிருச்சு அண்ணாச்சி"ன்னு.

அன்னைக்குச் சாயங்காலம் வீட்டு வாசல்ல வந்து நின்னாரு. ஆறு வருசம் கழிச்சு. முப்பிடாதிக்குக் கையும் ஓடல, காலும் ஓடல. "தண்ணி குடு தாயி"ன்னு வாங்கிக் குடிச்சாரு. அப்புறம் என்னையப் பாத்து, "அய்யாவக் கூட்டிட்டு வந்துட்டியேலே"ன்னாரு. எனக்கு அழுக வந்துருச்சு தம்பி, சொல்றதுல என்ன வெக்கம். அந்தக் கரண்டு பாக்கியக்கூட, "சரி, உன் கணக்குலயே வச்சுக்கோ"ன்னுட்டாரு.

மறு ஞாயித்துக்கெழம அண்ணன் ராஜபாளையத்துலருந்து சம்பந்தகாரங்க, பேரப்பிள்ளைக எல்லாரையும் வரச்சொல்லி ஒரு வண்டி நெறையத் தேட்டருக்குக் கூட்டிட்டுப் போனாரு. அதுக்குள்ள படம் சரியாப் போகலன்னு விநியோகஸ்தர்லாம் கத்தி, மூணாம் நாளே இருவது நிமிசத்த வெட்டிட்டாக. எதையெல்லாம் வெட்டுனாகன்னு நெனைக்கீக? வெள்ளைக்காரன் இருக்கான். ஜார்ஜியா இருக்கு. என்னையக் குத்துறாக, அடுத்த ஷாட்டு பனியில பாட்டு. நான் செத்தேனா பொழச்சேனான்னுகூட இல்ல.

அண்ணன் நேரா மேனேஜரு ரூமுக்குப் போயி, "எங்க அய்யா எங்க?"ன்னு கேட்டிருக்காரு. "யாருய்யா உங்க அய்யா? தவறிட்டாகளா? மைக்குல சொல்லவா?"ன்னு அவரு கேட்டிருக்காரு.

அண்ணன் எங்கிட்ட வந்தாரு. "நீ மெட்ராசு போ. அந்த டைரக்டர்ட்டப் பேசு. மத்தத எத வேணாலும் வெட்டச் சொல்லு. அந்த வெள்ளைக்காரன வெட்டச் சொல்லு. அய்யாவ மட்டும் திருப்பி வைக்கச் சொல்லு"ன்னாரு. என் அண்ணன் வாழ்க்கையில எங்கிட்டக் கேட்ட ஒரே விசயம் தம்பி அது. போனேன்.

டைரக்டரு ஆபீசுல இருட்டுல உக்காந்திருந்தாரு. தாடி. "தமிழ் ரசிகன் இன்னும் தயாராகலண்ணே"ன்னாரு. நான் வந்த விசயத்தச் சொன்னேன். அய்யா ஆஸ்பத்திரியில கெடந்தது, அண்ணன் குனிஞ்சு குனிஞ்சு பதில் சொன்னது, தேட்டர்ல எந்திரிச்சு நின்னது, எல்லாஞ் சொன்னேன். அவரு கண்ணுல தண்ணி. என் கையப் பிடிச்சுக்கிட்டாரு. "அந்த சீன நான் திருப்பி வைக்கிறேன்ணே. இது சத்தியம்"ன்னாரு. அந்த நேரத்துல அசிஸ்டென்ட் பிள்ள ஒண்ணு போனத் தூக்கிட்டு ஓடிவந்துச்சு. "சார், இவருதான் ரெண்டு நாளா ஊரு பூராப் போன்ல சுத்திக்கிட்டிருக்காரு"ன்னு. மொத நாளே எவனோ தேட்டர்ல என் சீனப் போன்ல எடுத்து, கண்ட வீடியோவுலயும் ஒட்டி விட்டுட்டான் போல. கல்யாண வீட்டுல மாப்ள தாலி கட்டப் போறான், என் தல வருது, "மோட்டார அமத்தியாச்சாலே?" கிரிக்கெட்டுல அவுட்டாயிட்டுப் போறான், என் தல வருது. கட்சி மேடையில ஒருத்தரு பேசிக்கிட்டே இருக்காரு, என் தல வருது.

டைரக்டரு போன வாங்கிப் பாத்தாரு. திருப்பித் திருப்பிப் போட்டுப் பாத்தாரு. அப்படியே எந்திரிச்சு ஜன்னலத் தெறந்து விட்டாரு. ஒரு கலைஞனுக்குப் பொறி தட்டுற நேரத்த நான் பக்கத்துல இருந்து பாத்தேன் தம்பி. அது எல்லாருக்கும் கெடைக்குமா?

ரெண்டு மாசத்துல போஸ்டரு ஒட்டுனாக. 'இயக்குநரின் கைவண்ணத்தில் முற்றிலும் புதிதாக'ன்னு. ஹீரோ தம்பி படம் சின்னதா, என் படம் பெருசா. நீங்களே சொல்லுங்க, அதுல என்ன கொற? வெள்ளைக்காரன் போயிட்டான், சுரங்கம் போயிருச்சு, ஜார்ஜியா போயிருச்சு. ரெண்டு மணி நேரத்துக்குள்ள படம் பறக்குது. அண்ணன் கேட்டபடி வெள்ளைக்காரன வெட்டியாச்சு, என்னையத் திருப்பி வச்சாச்சு. ஒரு மனுசன் குடுத்த வாக்க இதுக்கு மேல எப்படிக் காப்பாத்த முடியும்?

மொத நாளு நாங்க எல்லாரும் ஒரே வரிசையில உக்காந்தோம். நான், முப்பிடாதி, அண்ணன், மதினி, பேரப்பிள்ளைக. உக்கார எடமில்ல, ஆளுக படியில உக்காந்திருக்காக. அண்ணன் வெள்ள வேட்டி சட்ட, நெத்தி நெறையத் திருநீறு. அய்யா தெவசத்துக்கு வர்ற மாதிரி வந்திருந்தாரு.

சீன் வந்துச்சு. நான் கையத் தூக்கி, "மோட்டார அமத்தியாச்சாலே?"ங்கேன். டுர்ர்ர்ருன்னு மோட்டார் சத்தம் போட்டிருக்காக. தேட்டரு குலுங்குச்சு. ஹீரோ தம்பி, "அமத்தியாச்சு சித்தப்பா"ங்காரு, பின்னாடி டப்பிங்குல சேத்தது. நான் கண்ண மூடுறேன். சோக மியூசிக்கு. திடீர்னு கண்ணத் தெறந்து, "மோட்டார அமத்தியாச்சாலே?" ஜனங்க சீட்ட அடிச்சுச் சிரிக்காக. மூணாந்தடவ நான் கேட்டப்ப ஹீரோ தம்பி வாயத் தெறக்கல, தேட்டரே எந்திரிச்சு நின்னு, "அமத்தியாச்சு!"ன்னு கத்துச்சு. கைதட்டு, விசிலு. பக்கத்துல ஒரு பொம்பள சிரிச்சுச் சிரிச்சு முந்தானையில கண்ணத் தொடைக்குது. ஒம்பது நிமிசத்த ஒண்ணரை நிமிசமா ஆக்கி, அதுல இத்தன பேரு கண்ணுலயும் தண்ணி வரவச்சாருன்னா, அது திறமையா இல்லையா?

அண்ணனும் எந்திரிச்சாரு. மொத தடவ கேட்டவுடனேயே எந்திரிச்சுட்டாரு. வாயத் தெறந்தாரு. அவரு சொல்றதுக்குள்ள டுர்ர்ருன்னு அந்தச் சத்தம். மூணாந்தடவ எல்லாரும் நிக்கும்போது அவரும் அவுக நடுவுல நிக்காரு. அவரு பேரனும் கையத் தூக்கி, "அமத்தியாச்சு"ன்னு கத்துது, சின்னப் பிள்ள, அதுக்கு என்ன தெரியும்? அண்ணன் துண்டத் தோள்ல போட்டுக்கிட்டு எங்க காலையெல்லாம் தாண்டி வெளிய போயிட்டாரு.

வீட்டுக்கு வந்து முப்பிடாதி ஒரே வார்த்தையில கொட்டுனா. "உங்களப் பாத்துச் சிரிச்சாப் போகட்டும். மாமாவப் பாத்துல்லா சிரிக்காக"ன்னா. எங்க அய்யாவத்தான் அவ மாமாம்பா. நான் சொன்னேன், அது மாமான்னு யாருக்குத் தெரியும்? எனக்கு, உனக்கு, அண்ணனுக்கு. அப்புறம் டைரக்டருக்கு. வேற ஒருத்தருக்கும் தெரியாதே. அவ சோத்த வச்சுட்டுப் போயிட்டா.

மறுநாள் காலையில கெணத்துப் பக்கம் போனேன். அண்ணன் மொறத்தண்ணி. மோட்டாரு ஓடிக்கிட்டே இருக்கு. வாய்க்கா நெறஞ்சு, வரப்பு ஒடஞ்சு, தண்ணி ரோட்டுல போகுது. அண்ணன் தொட்டி மேல உக்காந்து அதப் பாத்துக்கிட்டே இருக்காரு. ஒரு சொட்டுத் தண்ணி வீணாப் போனா ஊரையே ரெண்டாக்குற மனுசன். எனக்குப் பதறிப்போச்சு. ஓடிக்கிட்டே கேட்டேன், "அண்ணே, மோட்டார அமத்தலயா?"

சத்தியமாத் தம்பி, நான் தண்ணியப் பாத்துத்தான் கேட்டேன். வேற எதுவும் மனசுல இல்ல.

அந்த நேரம் பாத்து ரோட்டுல பள்ளிக்கூட வண்டி போகுது. பிள்ளைக என்னையப் பாத்துட்டு, ஜன்னல் வழியாத் தலைய நீட்டி, மொத்தமா, "அமத்தியாச்சு!"ன்னு கத்திட்டுப் போகுதுக. நானும் பழக்கத்துல கையத் தூக்கிச் சிரிச்சுட்டேன். ஜனங்க கூப்பிட்டாத் திரும்பிச் சிரிக்கணும்னு டைரக்டரு சொல்லிக் குடுத்திருந்தாரு.

அண்ணன் எந்திரிச்சாரு. மோட்டார அமத்துனாரு. மோட்டார் ரூமப் பூட்டிச் சாவிய என் கையில வச்சாரு. "என் மொறத் தண்ணியும் நீயே எடுத்துக்கோ. எனக்கு இந்தக் கெணத்துப் பக்கம் வர முடியல"ன்னாரு. சண்ட போடல, வையல. போயிட்டாரு. நாலு மாசமாச்சு. அவரு பருத்திச் செடியெல்லாம் காஞ்சு குச்சியா நிக்கு. அவரு நாளுல நானும் மோட்டாரப் போடுறதில்ல. எனக்கு எதுக்கு அவரு தண்ணி? சாவி சும்மா ஆணியில தொங்குது.

சினிமாவ சினிமாவாப் பாக்கத் தெரியணும் தம்பி, அதுதான் அவருகிட்ட இல்லாதது. நான் சொல்றது சரிதான? திருத்துனதுதான நல்லாருக்கு? நீங்களே சொன்னீகளே. மூணாம் பாகத்துல ஆவியா வர்றேன், மூணு தடவ சாகுறேன். டைரக்டரு, "வேற யாராச்சும் செத்த கதை இருக்காண்ணே வீட்டுல?"ன்னு போன்ல கேட்டாரு. அம்மாவப் பத்திக் கொஞ்சம் இருக்கு. யோசிச்சுட்டுச் சொல்றேன்னுருக்கேன்.

போன எடுத்துட்டீகளா? எடுங்க எடுங்க, எல்லாரும்தான் எடுக்காக, இதுல என்ன கூச்சம்? ஜன்னல் வெளிச்சம் மொகத்துல விழுதா? சரி. இருங்க, துண்ட எடுத்துருதேன்.

"மோட்டார அமத்தியாச்சாலே?"

என்ன தம்பி, சிரிக்கவே மாட்டேங்கீக? சரியா வரலையோ? பஸ்ஸுச் சத்தத்துல அமுங்கிருக்கும். இன்னொரு தடவ சொல்றேன்.

"மோட்டார அமத்தியாச்சாலே?"

இப்ப நீங்க பதில் சொல்லணும். தேட்டர்ல எல்லாரும் சொன்னாகளே, அதேதான். போனக் கீழ வச்சா எப்படி? சொல்லுங்க தம்பி. யாராச்சும் அமத்தியாச்சுன்னு சொன்னாத்தான நான் கண்ண மூட முடியும்.